வீட்டுப் பச்சோந்தி ஏன் இப்படிச் செய்கிறது? வேலூர்ப் பக்கம் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கூண்டு இருக்கிறது. அதில் ஏமன் நாட்டு வகையான வெயில்டு பச்சோந்தி ஒன்று, ஆண், நான்காவது வயது நடக்கிறது. இதற்கு முன்னால் ஒரு பெண் இருந்தது. அதை இழந்த கதையைக் கீழே ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன். காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து பச்சோந்தி வளர்ப்பவர்கள் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான்: கறுத்துப்போய்விட்டது, கண்ணைத் திறக்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வளர்க்கிறவன். மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

படிப்பதற்கு முன்னால் ஒன்று. உடம்பு முடியாததைக் கடைசிவரை மறைக்கும் பிராணி பச்சோந்தி. காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்தும் பாம்பும் விட்டுவைக்காது, அதனால் வந்த பழக்கம். அது வித்தியாசமாக நடப்பது நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் சில நாள் கடந்திருக்கும். அந்த நேரத்தில் பச்சோந்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் கூண்டைப் பாருங்கள். தண்ணீர், சூடு, வெளிச்சம் மூன்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும்.

தோட்டத்தில் ஒரு பச்சோந்தி கிடைத்தது. வளர்க்கலாமா?

கூடாது. ஜவ்வாது மலை அடிவாரத்திலும், முள்வேலி, புளியமரம் உள்ள கொல்லைகளிலும் நாம் பார்ப்பது இந்தியப் பச்சோந்தி. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் அதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) பாதுகாக்கும் உயிரினம் அது. பிடிப்பதும், வீட்டில் வைப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். யாராவது "நம்ம ஊர் பச்சோந்தி, குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று சொன்னால் அது காட்டிலிருந்து பிடித்து வந்ததுதான். வாங்காதீர்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். காட்டிலிருந்து பிடித்த பச்சோந்தி கூண்டில் பிழைப்பதே கஷ்டம். பயத்தில் இரை எடுக்காது, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் குடற்புழு அந்தப் பயத்தில் பெருகும், ஒரு மாதத்துக்குள் எலும்பும் தோலுமாகிவிடும்.

ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால் ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள். தானாகப் பற்றி ஏறும். அது போய்க்கொண்டிருந்த பக்கமே உள்ள புதரில் விட்டுவிடுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி, நல்ல காடாகப் பார்த்து விட வேண்டாம். அதற்குத் தெரிந்த இடம் அதுதான். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பலர் ஓணானையும் பச்சோந்தி என்றே சொல்கிறார்கள். ஓணான் விருட்டென்று ஓடும், வால் நீண்டு நேராக இருக்கும். பச்சோந்தி ஓடாது. வாலைச் சுருட்டிக்கொள்ளும், கண் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு இரண்டும் இரண்டு பக்கம் சுழலும், பாதம் இடுக்கி மாதிரி கிளையைக் கவ்வும்.

அப்படியானால் எதைத்தான் சட்டப்படி வளர்க்கலாம்?

வெளிநாட்டு இனங்களை. நம் ஊரில் கிடைப்பவற்றில் முக்கியமானவை ஏமனின் வெயில்டும், மடகாஸ்கரின் பாந்தரும். இரண்டும் சைட்டிஸ் (காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அதனால் 2024-ல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் காகிதங்களைக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் வெயில்டு வகையை வைத்து எழுதியவை.

நாள் முழுக்கக் கறுப்பாகவே இருக்கிறது. பின்னால் இருக்கும் சுவரின் நிறத்துக்கு மாறவேயில்லை. ஏதாவது கோளாறா?

சுவரின் நிறத்துக்கு மாறாதது கோளாறே இல்லை. உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ப நிறம் மாற்றும் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது நிறம் மாற்றுவது உடல் சூட்டுக்காகவும், மனநிலையை மற்றப் பச்சோந்திகளுக்குக் காட்டுவதற்காகவும்தான். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாந்தர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து இது எப்படி நடக்கிறது என்று விளக்கினார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அந்த வரிசை நெருங்கி நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் இருக்கும் மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். கிளர்ச்சி வந்தால் வரிசை விலகும், மஞ்சளும் சிவப்பும் தூக்கலாகும். கருமைக்கு மட்டும் தனியாக மெலனின் இருக்கிறது.

சரி, கறுப்புக்கு வருவோம். காலையில் விளக்கு போட்டதும் உடம்பைத் தட்டையாக்கி, ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, அந்தப் பக்கம் மட்டும் கறுத்திருந்தால் அது குளிர் காய்கிறது. கறுப்பு வெயிலை நன்றாக வாங்கும். அரைமணி, முக்கால் மணி நேரத்தில் பச்சைக்குத் திரும்பிவிடும். எங்களுடையது மார்கழிக் காலையில் கரிக்கட்டை மாதிரி இருக்கும், எட்டரை மணிக்கு வாழைக்குருத்து நிறம் வந்துவிடும்.

மதியமும் கறுப்பு, சாயங்காலமும் கறுப்பு என்றால் குளிர், பயம், நோய் மூன்றில் ஒன்று. முதலில் தெர்மாமீட்டரை அது உட்காரும் கிளையிலேயே வைத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அதன் இடத்திலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று பாருங்கள். கண்ணாடி, டிவி, ஜன்னலில் வந்து உட்காரும் காக்கை, வீட்டுப் பூனை. கண்ணாடியில் தன்னையே பார்த்து இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும் பச்சோந்திகள் உண்டு. காட்பாடியில் ஒரு நண்பர் வீட்டில் அலமாரிக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிய மறுநாளே நிறம் திரும்பியது.

இரவில் வெளிறித் தெரிவது தூக்கத்தின் நிறம். கவலை வேண்டாம். பெண் பச்சோந்தி கடும்பச்சையாகி மேலே மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி போட்டிருந்தால் முட்டை பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. விளக்கு அணைந்த பிறகு மூடிய கண், மறுநாள் விளக்கு எரியும் வரை மூடியிருக்கலாம். நடுப்பகலில் இரண்டு கண்ணும் மூடியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை, வைட்டமின் ஏ குறைவு, கண்ணில் தூசியோ தொற்றோ, அல்லது உள்ளுறுப்பு நோய். அன்றே நன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவர்.

இதிலேயே பலர் பயந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. பச்சோந்தி சில நேரம் ஒரு கண்ணைப் பலூன் மாதிரி உப்பவைத்து, சுழற்றி, கிளையில் தேய்க்கும். பார்த்தால் பகீரென்று இருக்கும். கண்ணுக்குள் போன தூசியை அது வெளியே தள்ளும் விதம் அது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் கண் பழையபடி ஆகிவிடும். நாள் முழுக்க உப்பியிருந்தாலோ, குழிந்து உள்ளே போயிருந்தாலோதான் நோய்.

வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் முதல் ஜூன் வரை இங்கே வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். நாய் நாக்கைத் தொங்கவிடுவது மாதிரி, பச்சோந்தி சூடு தாங்காமல் வாயைத் திறக்கிறது.

புத்தகங்களிலும் வீடியோக்களிலும் சூடு காயும் விளக்கு கட்டாயம் என்று சொல்வார்கள். அவை குளிர் நாட்டு வீடுகளை நினைத்துச் சொல்லப்பட்டவை. வெயில்டுக்கு விளக்கின் கீழே 29 முதல் 32 டிகிரி, கூண்டின் மற்ற இடங்களில் 24 முதல் 28 டிகிரி போதும். வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் விளக்கே இல்லாமல் 36, 37 காட்டும். அதன் மேல் ஒரு சூட்டு விளக்கையும் எரித்தால் பச்சோந்தி அடுப்பில் வைத்த மாதிரிதான். கூண்டுக்குள் எங்கே ஒதுங்கினாலும் 35-க்குக் குறையவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் செய்வது இது. மாசி கடைசியில் சூட்டு விளக்கைக் கழற்றிவிடுவோம், ஆடியில்தான் திரும்ப மாட்டுவோம். புறஊதா டியூப்பைக் காலை ஏழு முதல் பதினொன்று வரை மட்டும் எரிப்போம், அதற்குப் பிறகு ஜன்னல் வெளிச்சம். கூண்டை வீட்டின் வடகிழக்கு மூலையில், தரைத்தள அறைக்கு மாற்றிவிடுவோம். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளிப்போம். ஏர் கூலர் இருந்தால் நல்லது, ஆனால் காற்று நேராகக் கூண்டில் அடிக்கக் கூடாது, உடம்பு காய்ந்துவிடும். கரண்ட் போகும் மதியங்களுக்கு ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் உறைய வைத்திருப்போம். துணியில் சுற்றிக் கூண்டின் வலைக்கு வெளியே சாய்த்து வைத்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஏற்கெனவே சூட்டில் துவண்டுபோயிருந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரை மெல்லத் தெளித்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சூடு சரியாக இருந்தும் வாய் திறந்திருக்கிறதா? காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மூச்சில் சொடக்கு மாதிரியோ விசில் மாதிரியோ சத்தம், வாயோரத்தில் நுரை, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது, இவை சளி நுரையீரலில் இறங்கியதன் அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் காயாத கூண்டுகளில் இது வரும். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மனிதருக்கான அளவு அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

ஆளைப் பார்த்ததும் மட்டும் வாயைத் திறந்து, உடம்பை உப்பிக் காட்டினால் அது மிரட்டல். நீங்கள் ஓரடி பின்னால் போங்கள், மூடிக்கொள்ளும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிப்பதே இல்லை.

குடிக்காது. அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்றே அடையாளம் காண்பதில்லை. காட்டில் அது குடிப்பது இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும். துளி நகர வேண்டும், மின்ன வேண்டும்.

காலையும் மாலையும் ஸ்ப்ரே பாட்டிலால் இலைகள் நனைய இரண்டு மூன்று நிமிடம் தெளியுங்கள். முதல் நிமிடம் ஒன்றும் நடக்காது. இரண்டாவது நிமிடம்தான் அதற்குத் தாகம் நினைவுக்கு வரும். அவசரப்பட்டு நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இதோடு மதியத்துக்குச் சொட்டு நீர். அதற்கென்று தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வேலூரில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை. புதிய டிரிப் செட் ஒன்றை வாங்கி, ஊசியை எறிந்துவிட்டு, கூண்டின் மேல் வைத்த பாட்டிலில் குழாயைச் செருகுங்கள். உருளையைத் திருகி, இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு விழும்படி வைத்தால் இலை மேல் விழுந்து உருளும். எங்களுடையது பதினொன்றரை மணிக்கு அந்த இலைக்குக் கீழே தானாக வந்து நிற்கும். தலையைச் சாய்த்து, தாடையை மெல்ல மெல்ல அசைத்துக் கால்மணி நேரம் குடிக்கும்.

தண்ணீர் போதுமா என்று எச்சத்தைப் பார்த்தால் தெரியும். பழுப்பு எச்சத்தோடு வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் சரி. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறமென்றால் தாகம்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்கள். போர் தண்ணீரின் உப்பு கூண்டின் வலையிலும் இலையிலும் வெள்ளையாகப் படியும், ஸ்ப்ரே துளையையும் அடைக்கும். நாங்கள் கேன் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம்.

மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது.

உப்பு. உடம்பில் மிகுந்த உப்பை அது மூக்கு வழியாகத் தள்ளுகிறது. ஈரத்தில் தானாகப் போய்விடும். ரொம்பவே அதிகமாக இருந்தால் தண்ணீரையும், தீனியில் தூவும் பொடியின் அளவையும் சரிபாருங்கள்.

கூண்டின் தரைக்கு இறங்கி விடாமல் பிராண்டுகிறது. தப்பிக்கப் பார்க்கிறதா?

பெண்ணாக இருந்தால் முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் சேராமலே வெயில்டு பெண் முட்டை கட்டும், நாட்டுக்கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவது மாதிரி. இது எனக்கு அன்று தெரியாது.

எங்களிடம் இருந்த பெண்ணுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரை எடுப்பதை நிறுத்தியது. சனிக்கிழமை கிளையை விட்டு இறங்கி, கூண்டின் பிளாஸ்டிக் தட்டைப் பிராண்ட ஆரம்பித்தது. முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரே மூலையில். இரவு விளக்கு அணைத்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே விடச் சொல்கிறது என்று நினைத்து, எடுத்துச் செம்பருத்திச் செடியில் கொஞ்ச நேரம் விட்டு, திரும்பக் கூண்டிலேயே வைத்தேன். மூன்றாவது நாள் பிராண்டுவது நின்றது. அமைதியாகிவிட்டது என்று நிம்மதிப்பட்டேன். அது அமைதி இல்லை, சோர்வு. பார்த்த மருத்துவர் அஜீரணம் என்று ஒரு டானிக் கொடுத்தார். புதன்கிழமை காலை தட்டின் மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது. வயிற்றைத் தடவியபோது கோலிக்குண்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டின மாதிரி இருந்தது. ஒரு தொட்டி மண் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

அதனால் சொல்கிறேன். பெண் பச்சோந்தி வளர்த்தால் ஐந்தாறு மாதம் ஆனதிலிருந்தே கூண்டுக்குள் ஒரு மண்தொட்டி இருக்கட்டும். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம். கழுவிய மணலும் தோட்ட மண்ணும் சரிபாதி, ஈரமாக. விரலை விட்டுத் துளை போட்டால் துளை சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். காய்ந்த மணலில் தோண்டத் தோண்டச் சரியும், அது வெறுத்துப்போய் முட்டையை அடக்கிக்கொள்ளும். தோண்ட ஆரம்பித்ததும் கூண்டை ஒரு வேட்டியால் மூடிவிட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும். முட்டையிட்டு, குழியை மூடி, இளைத்துப்போய் மேலே வரும். அன்று நிறையத் தண்ணீரும், சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிய இரையும் கொடுங்கள்.

இரண்டு நாள் தோண்டியும் முட்டை வரவில்லை, அல்லது தோண்டுவதை விட்டுவிட்டுத் துவண்டு கிடக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவரிடம் உடனே. ஊசி போட்டுப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் அறுவை சிகிச்சை. காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

அளவுக்கு மீறித் தீனி போட்டால் முட்டையின் எண்ணிக்கையும் ஏறும். வளர்ந்த பெண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் நான்கைந்து பூச்சி போதும்.

ஆண் தரைக்கு இறங்கினால்? மேலே சூடு அதிகம், அல்லது கிளையைப் பிடிக்கத் தெம்பில்லை. இரண்டுமே அவசரம்தான்.

காலும் கையும் நடுங்குகின்றன, இரையைக் குறிபார்த்தும் நாக்கு நீளவில்லை.

சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு. பச்சோந்தியின் நாக்கு உடம்பின் நீளத்தையும் தாண்டிப் பாயக்கூடியது. அந்தத் தசைக்குக் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் நாக்கு பாதியிலேயே விழும், முழங்கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி நெகிழும், தன் காலையே தான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கால்சியம் பொடி தூவுகிறேனே என்பார்கள். பொடி மட்டும் போதாது. அதை உடம்பு ஏற்க வைட்டமின் டி3 வேண்டும், டி3 உண்டாகப் புறஊதா பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. சாதாரண எல்இடி பல்பில் சுத்தமாக இல்லை. ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புறஊதா டியூப்தான் வேண்டும். அதுவும் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போதே கதிர் தீர்ந்துவிடும், அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். நமக்குச் சூரியன் தாராளமாக இருக்கிறது. காலை எட்டு, எட்டரை மணி வெயிலில் வலைக்கூண்டோடு இருபது நிமிடம் வெளியே வையுங்கள், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி, நீங்கள் பக்கத்திலேயே இருந்து. கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் வைக்கவே கூடாது.

வளைந்த எலும்பு முழுக்க நேராகாது. ஆனால் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போனால் நோய் நிற்கும்.

இரையே எடுக்க மாட்டேன் என்கிறது. என்ன போடலாம்?

புதிதாக வீட்டுக்கு வந்தது, தோல் உரிக்கப்போவது, வளர்ந்த ஆண், இவை சில நாள் சாப்பிடாமல் இருக்கும். வளர்ந்தது ஒரு வாரம்வரை தாங்கும், குஞ்சு இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலே கவலைப்பட வேண்டும். முதலில் தண்ணீரைச் சரிபாருங்கள். தாகத்தில் இருக்கும் பச்சோந்தி இரை எடுக்காது. அப்புறம் ஒரே பூச்சியையே மாதக்கணக்கில் போட்டாலும் சலித்துவிடும்.

சிள்வண்டும், தீனிக்கென்று வளர்த்த கரப்பானும் நல்ல இரை. பறவைக் கடையில் கிடைக்கும் மாவுப்புழுவை எப்போதாவது. பூச்சியின் அளவு பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பூச்சிக்கு நாம் போடும் தீனிதான் பச்சோந்திக்குப் போகிறது. முருங்கைக்கீரை, கேரட், பூசணி போடுங்கள். வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். மின்மினி வேண்டவே வேண்டாம், சில வகை விஷம். தின்னாத பூச்சியை ராத்திரி கூண்டில் விட்டுவைக்காதீர்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். எறும்பும் அப்படித்தான். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டால் எறும்பு ஏறாது, அம்மாக்கள் அந்தக் காலத்தில் உணவு அலமாரிக்குச் செய்தது மாதிரி.

முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கிறது. வலிப்பா?

இல்லை. காற்றில் ஆடும் இலை மாதிரித் தெரிவதற்காக அப்படி நடக்கும்.

தோல் திட்டுத் திட்டாக வெள்ளையாக உரிகிறது.

வளர்கிறது. பிய்த்து எடுக்காதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தெளியுங்கள். வால் நுனியிலும் விரலிலும் பழைய தோல் வளையமாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இறுகினால் ரத்தம் போகாது.

கையில் எடுத்தால் சீறுகிறது, கடிக்க வருகிறது. கடித்தால் விஷமா?

விஷம் இல்லை. வலிக்கும், சிலநேரம் ரத்தம் வரும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நம் பக்கத்தில் பச்சோந்தி கடித்தால் பிழைக்க முடியாது, மூச்சுக் காற்று பட்டாலே ஆகாது என்றெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் கல்லால் அடித்துக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். ராமர் தண்ணீர் கேட்டபோது ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையைச் சொல்லி ஓணானை அடித்த பையன்களில் நானும் ஒருவன். இன்று அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் பச்சோந்தி வளர்ப்பவர்கள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் தெருவில் இப்போது எந்தப் பிள்ளையும் ஓணானை அடிப்பதில்லை.

கொஞ்சுவதை எதிர்பார்க்காதீர்கள். பச்சோந்திக்கு மேலேயிருந்து வரும் கை என்றால் பருந்துதான். எடுக்க வேண்டியிருந்தால் கையைக் கீழேயிருந்து, கிளை மாதிரி நீட்டி, அதுவாக ஏறும்வரை காத்திருங்கள். தொட்ட பிறகு கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

வேண்டாம். தனியாக வாழும் பிராணி அது. இரண்டு கூண்டு வைத்தாலும் ஒன்று மற்றதைப் பார்க்காதபடி வையுங்கள்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கண்ணாடி மீன்தொட்டி வேண்டாம். நான்கு பக்கமும் வலை, காற்றோட்டம். வளர்ந்த வெயில்டுக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். நம் கண் மட்டத்துக்கு மேலே அது உட்காரும்படி கூண்டை மேசை மேல் வையுங்கள். உயரத்தில் இருக்கும்போது அதன் பயம் பாதி குறையும். உள்ளே செம்பருத்தி, மணி பிளான்ட். வெயில்டு இலையையும் தின்னும், அதனால் நர்சரியில் வாங்கிய செடியை நன்றாகக் கழுவி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு உள்ளே வையுங்கள். அரளியும் எருக்கும் கூண்டுக்குப் பக்கத்தில்கூட வேண்டாம். இரவு பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு. ஹாலில் பதினொரு மணிவரை சீரியல் ஓடும் வீடாக இருந்தால் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

இங்கே எந்த மருத்துவரிடம் காட்டுவது?

நம் மாவட்டத்துக் கால்நடை மருத்துவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது மாடு, ஆடு, நாய். ஊர்வன பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுவதில் தப்பில்லை. அனுபவம் உள்ளவர் கிடைக்காவிட்டால் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காலையில் முதல் ரயிலிலோ பஸ்ஸிலோ புறப்படுங்கள்.

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, அதில் பச்சோந்தியை ஏற்றி மூடிவிடுங்கள். இருட்டில் அமைதியாக வரும். புதிய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், குடற்புழுவைப் பார்ப்பார்கள். கூண்டின் போட்டோ, வெப்பநிலை, விளக்கு வாங்கிய தேதி, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

வளர்ந்த பச்சோந்திக்குத் தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை கிடைத்தால் போதும். தண்ணீர் மட்டும் தினமும் யாராவது தெளிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் சாவியோடு ஸ்ப்ரே பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போவேன். கூண்டைத் திறக்க வேண்டாம், வலைக்கு வெளியேயிருந்தே காலையும் மாலையும் மூன்று நிமிடம் தெளித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். தெளித்து முடித்ததும் கண் திறந்திருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பிவிடுவார்.